ஏழாங்கட்டைத் தோட்டத்து அனாத்தா

ஏழாங்கட்டைத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு ரயில் ரோடு போடப் போனவர்கள் முப்பத்தெட்டுப் பேர், திரும்பி வந்தது ஒரே ஒருவர், அந்த ஒருவர் முப்பத்தேழு பெண்களுக்குப் புருஷனாக வந்தார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டு ஆட்கள் முழுசாக உட்கார்ந்து சோறு தின்கிறார்கள், அவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் தோட்டத்தில் அன்றைக்கு யாரும் ஆச்சரியப்படக்கூட இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் லாரி வந்து நின்றது, பின்தட்டியை இறக்கினார்கள், எலும்பும் தோலுமாக ஒரு மனிதர் இறங்கினார். பெரியக்கா அவருடைய இடது காதைப் பார்த்தாள், அதில் அவள் புருஷனை எருமை முட்டிய பழைய கிழிசல் இருந்தது, "எங்க வீட்டு ஆளு" என்றாள். குப்பாயி அவருடைய வலது காலைப் பார்த்தாள், வளைந்த சுண்டுவிரலைப் பார்த்தாள், "எங்க வீட்டு ஆளு" என்றாள். என் அம்மா அவருடைய இடது கைக் கட்டைவிரலைப் பார்த்தாள், ரப்பர் பால் மரம் சீவும் உளி பட்டு நகம் இரண்டாகப் பிளந்திருந்த அந்த விரலைப் பார்த்துவிட்டு, தலைத் துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போது நாலு வயது. எனக்கு அப்பா என்றால் அந்த விரல்தான்.

அவர் கழுத்தில் மூங்கில் சில்லு ஒன்று கயிற்றில் தொங்கியது. தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி வைத்திலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதிலிருந்த ஜப்பான் எழுத்தைக் கூட்டிப் படித்தார்.

"அனாத்தா எண்டு எழுதிக் கிடக்கு" என்றார்.

களத்தில் நின்ற முப்பத்தேழு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

அதைச் சொல்ல வேண்டுமானால் மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தபோது எங்கள் வெள்ளைக்காரத் துரை தன் நாயைக்கூட அவிழ்த்துவிடாமல் ஓடிப்போனார், அவருடைய பங்களாவில் மொரீத்தா என்ற ஜப்பான் அதிகாரி வந்து குடியேறினார். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர், நாயை அவிழ்த்துவிட்டவர் அவர்தான். எல்லாரும் ஜப்பான் மொழி படிக்க வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. டவுனுக்குப் போய் மூன்று மாதம் படித்துவிட்டு வந்த கிராணி, சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் ஆட்களைக் களத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு, கோணிச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பால் பிசின் ஒட்டிய கைகளைத் தட்டித் தட்டி ஆணும் பெண்ணும் இச்சி, நீ, சான் என்று எண்ணக் கற்றுக்கொண்டார்கள். மொரீத்தா பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

எண்ணிக்கை முடிந்து வணக்கம் முடிந்து வீட்டுப் பேச்சு வந்தது. ஜப்பான்காரன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டானாம், இத்தேகிமாஸ் என்பானாம், அதற்குப் போய் வருகிறேன் என்று அர்த்தமாம். வீட்டில் இருப்பவள் இத்தெராஷாய் என்பாளாம், போய் வாருங்கள் என்று அர்த்தமாம். சாயங்காலம் வாசலில் வந்து நின்று ததாய்மா என்பானாம், வந்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒக்காயேரி என்பாளாம், வந்துவிட்டீர்களா. களத்தில் இருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது நம்மளாட்டமே இல்ல இருக்குது" என்றாள் குப்பாயி. "போறேன்னு சொல்லிட்டா என்னமோ போயே போயிடுவாங்கன்னு அவங்களுக்கும் பயம்போல."

குப்பாயிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த நீள வாயும் ஒரு இடத்தில் மூடிக்கொள்ளும். எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும். குப்பாயி புருஷன் பெயர் காளியப்பன், அதனால் அவள் காளி கோயிலுக்குப் போனாலும் "நாக்கு நீட்டுன ஆத்தா கோயிலுக்குப் போறேன்" என்றுதான் சொல்வாள். யாராவது அவளிடம் புருஷன் பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரியைத் திரும்பிப் பார்ப்பாள், பக்கத்து வீட்டுக்காரி அவளுக்காகச் சொல்வாள். அப்படியே எல்லாரும். அந்தக் குப்பாயிதான் கிராணியிடம் கேட்டாள்:

"அவங்க ஊர்ல பொம்பளைங்க வீட்டு ஆள என்னன்னுங்க கூப்புடுவாங்க?"

கிராணி மொரீத்தாவைக் கேட்டார். மொரீத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டிக்கொண்டார், மெதுவாகச் சொன்னார்.

"அனாத்தாவாம்" என்றார் கிராணி. "நீங்கள் எண்டுதான் அர்த்தம். அங்கயும் பெண்சாதி பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாளாம். ஆனா பெண்சாதி வாயால அனாத்தா எண்டு சொன்னா அதுக்குள்ள எல்லாம் அடக்கமாம்."

"எல்லாம்னா?" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டவள் அத்தாயி. கல்யாணமாகி எட்டு மாதம் ஆனவள், புகைக் கொட்டகையில் ரப்பர் பால்தகடுகளுக்குப் புகை போடுகிற செங்கோடனின் மனைவி. கேட்டதோடு விடவில்லை. "அப்ப ஆம்பளைங்க? பொண்டாட்டி மேல இருக்கற ஆசைய அவங்க என்ன சொல்லித்தான் சொல்லுவாங்க?"

களமே சிரித்தது. செங்கோடன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மண்ணில் கோடு கிழித்தான். மொரீத்தா காதெல்லாம் சிவந்துபோனார், பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னார், அதற்குப் பிறகு ஏதோ விளக்கம் சொன்னார்.

"சுக்கி எண்டு சொல்லுவினமாம்" என்றார் கிராணி. "ஆனா அதை ஒரு தரம்தான் சொல்லுவினமாம். மற்ற நாளெல்லாம் வாசல்ல நிண்டு ததாய்மா எண்டு சொல்றதுக்குள்ளயே அது இருக்குமாம். சொல்லாமலே செத்துப் போறவையும் இருக்கினமாம்."

மொரீத்தா அத்தோடு இன்னொன்றும் சொன்னார், கிராணி அதை அன்றைக்கு மொழிபெயர்க்கவில்லை. நான் இன்னும் என் மனைவியிடம் சொல்லவில்லை என்று சொன்னாராம்.

அதற்கு மூன்றாம் நாள் சாயங்காலம், அத்தாயி தண்ணீர்க் குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது செங்கோடன் வந்து நின்றான், சுற்றும் முற்றும் பார்த்தான், கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, "சுக்கி" என்றான். கொட்டகைப் புகையில் கம்மிப்போன குரல் அவனுடையது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "சீ, போய்க் குளிங்க, ஒரே பொக நாத்தம்" என்று சொல்லிவிட்டுக் குடத்தோடு ஓடிவிட்டாள். அவள் சொன்ன பதில் அவ்வளவுதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, எல்லாம் முடிந்த பிறகு என் அம்மாவிடம் ஒரு தடவை சொன்னாள், அதனால்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் லாரிகள் வந்தன. சயாமில் மூன்று மாத வேலை, முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்று சொல்லி முப்பத்தெட்டு ஆண்களை ஏற்றினார்கள். பயத்தை மறைக்க ஆண்கள் லாரியின் மேலிருந்து வேடிக்கையாக "இத்தேகிமாஸ், இத்தேகிமாஸ்" என்று கத்தினார்கள், பெண்கள் அழுதுகொண்டே சிரித்து, "இத்தெராஷாய்" என்று கத்தினார்கள். செங்கோடன் மட்டும் கத்தவில்லை. அத்தாயியைப் பார்த்துக்கொண்டே போனான். அவள் பதில் சொல்வாள் என்று பார்த்தானோ என்னவோ.

ஒரு வாரம் கழித்து, ஆள் எடுத்தவர்களுக்குப் பட்டியல் வேண்டும் என்றார்கள். டவுனிலிருந்து ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு வந்து நின்றான், மொரீத்தா மேசை போட்டு எழுத உட்கார்ந்தார். மனைவி வாயால் புருஷன் பெயர் சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்பவள் சொல்லக்கூடாது, வேலை வாங்கும் மண்டோர் சொல்லக்கூடாது, அப்படித்தான் உத்தரவு. வரிசையில் முதலில் நின்றவள் பெரியக்கா. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், பின்னால் திரும்பிக் குப்பாயியைப் பார்த்தாள், சிப்பாய் அவள் கன்னத்தில் அறைந்தான். மறுபடி திறந்தாள். மறுபடி அறைந்தான். கடைவாயில் ரத்தம் வழிய அவள் மொரீத்தாவைப் பார்த்து, தன்னால் சொல்ல முடிந்த ஒரே வார்த்தையைச் சொன்னாள்.

"அனாத்தா."

மொரீத்தாவின் பேனா நின்றுவிட்டது. சிப்பாய் சிரித்தான். மொரீத்தா சிரிக்கவில்லை, குனிந்து அதையே எழுதினார். அடுத்தவள் வந்தாள், அனாத்தா. அடுத்தவள், அனாத்தா. குப்பாயி, அனாத்தா. என் அம்மா, இடுப்பில் என்னைச் சுமந்துகொண்டு, அனாத்தா. பாதி வரிசை தாண்டியபோது மொரீத்தா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். கண்ணாடி இல்லாமலே, தாளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், கேட்கிற ஒவ்வொரு அனாத்தாவையும் ஒழுங்காக எழுதினார்.

கடைசியாக நின்றவள் அத்தாயி. அவள் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள்தான், ஆனாலும் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி கோடுகள் இருப்பது தெரிந்தது. எல்லாம் ஒரே பெயராக இருந்தால் என் ஆளை எப்படிக் கண்டுபிடித்து எனக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைத்தாள். ஆயுசு குறையும் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் நினைத்துப் பார்த்துவிட்டு, தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"செங்கோடன்."

பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். பெரியக்கா வீங்கிய கன்னத்தோடு, "புருசனத் தின்னுட்டியேடி" என்றாள். அன்றிலிருந்து மூன்று வருஷம் அத்தாயி வீட்டுத் தண்ணீரை யாரும் வாங்கிக் குடிக்கவில்லை. நான் சிறுபிள்ளையாக அவள் வாசல் பக்கம் போனால் அம்மா என் காதைத் திருகி இழுத்துவருவாள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதம் மூன்று வருஷம் ஆயிற்று. சண்டை முடிந்தது, மொரீத்தாவை வேறொரு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், புதுத் துரை வந்தார், பிறகுதான் அந்த லாரி வந்தது, அந்த ஒருவர் இறங்கினார்.

பட்டியலில் எழுதியபடிதானே அனுப்புவார்கள், அனாத்தா என்று எழுதிக் கேட்டோம், அனாத்தா வந்துவிட்டார் என்று பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்து ஆக வேண்டியதைப் பார்த்தார்கள். புதுத் துரை ஒரு ஆளுக்கு ஒரு வீடுதான் என்று கத்தினார், கிராணி புது நம்பர் போட்டு, நூற்றுப் பன்னிரண்டு, அனாத்தா என்று பெரட்டுப் புத்தகத்தில் எழுதினார், பிள்ளைகளைப் போட்டுவைக்கிற ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையை அவருக்குத் தடுத்துக் கொடுத்தார்கள். தாலி என்ன ஆவது என்று கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டார்கள். பூசாரி ரெண்டு நாள் யோசித்து, ஆளில் ஒரு விரல் உயிரோடு இருந்தாலும் அவள் சுமங்கலிதான் என்று சொல்லிவிட்டார். என் அம்மா அதனால் குங்குமம் வைத்தாள். கண்ணுக்குத் தெரியாத பங்கு கிடைத்தவர்களும் உண்டு, ஒருத்திக்கு இருமல், ஒருத்திக்குத் தும்மல், ஒருத்திக்குச் சோற்றைப் பிசைகிற விதம், அவர்களும் வைத்தார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கிளம்புவார். ஒவ்வொரு லயமாக, அந்த வரிசை வீடுகளின் ஒவ்வொரு வாசலாக நிற்பார், "ததாய்மா" என்பார். உள்ளேயிருந்து "ஒக்காயேரி" என்று பதில் வரும். ஒரு வாய் தேத்தண்ணீர் குடிப்பார், அடுத்த வாசலுக்குப் போவார், முப்பத்தேழு வாசல், முப்பத்தேழு வாய் தேத்தண்ணீர். அந்த வார்த்தையைத் தவிர அவர் வேறொன்றும் பேசியதில்லை. சனிக்கிழமை கிணற்றடியில் அவரை உட்காரவைத்து எண்ணெய் தேய்ப்பார்கள், பெரியக்கா காதுக்கு மட்டும், குப்பாயி காலுக்கு மட்டும், அம்மா அந்த ஒரு கட்டைவிரலுக்கு மட்டும், சொட்டு எண்ணெய் வைத்து நெடுநேரம் நீவிக்கொண்டிருப்பாள். அடுத்தவள் பங்கில் கை பட்டால் அன்றைக்குக் கிணற்றடியில் சண்டைதான், மயிரைப் பிடித்துக்கொண்டு புரண்டிருக்கிறார்கள், அவர் பாட்டுக்கு எண்ணெய் வழிய உட்கார்ந்திருப்பார்.

கடைசி லயத்தின் கடைசி வாசல் அத்தாயியுடையது. முப்பத்தேழாம் வாசலில் குடித்துவிட்டு அவர் திரும்பிப் போய்விடுவார். அவள் தினமும் தேத்தண்ணீரோடு நிற்பாள், தினமும் அது ஆறிப்போகும். ஒரு சனிக்கிழமை அவள் கிணற்றடிக்கு வந்து கைகூப்பினாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவ பாத்துக்கறேன். அவருக்கு வலது கையில தீப்பட்ட தழும்பு இருக்கும். புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். ஏதாச்சும் ஒண்ணு இருந்தா போதும்."

பார்க்கவிட்டார்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தாள், நகத்தைத் திருப்பிப் பார்த்தாள், முடியை விலக்கிப் பார்த்தாள். எல்லா இடமும் யாரோ ஒருத்தியுடையதாக இருந்தது. "பேரச் சொல்லித் தொலச்சவளுக்கு என்னடி பங்கு?" என்று குப்பாயி கேட்டாள். ஆனால் பெரியக்கா வேறு மாதிரிச் சொன்னாள், இதில் இல்லையென்றால் அவன் உயிரோடு இருக்கிறானோ என்னவோ, முழுசாக வந்து சேருவானோ என்னவோ என்றாள். அத்தாயி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நிற்கும்போது அவருக்கு அப்பால் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மழைக்காலம் தொடங்கியதும் அவருக்கு உடம்புக்கு வந்தது. ஒரே ஒரு காய்ச்சல் வந்தால் பரவாயில்லை. முப்பத்தேழு பேருடைய சாவும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஒரு உடம்பில் வந்தது. திங்கட்கிழமை குளிர்க்காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டு, "அய்யோ, கம்பளி" என்ற மாதிரிக் கையை நீட்டினார், அது செல்லாயி புருஷனின் சாவு. புதன்கிழமை குப்பாயியின் அந்த வலது காலில் புண் கண்டது, மூன்று நாளில் எலும்பு தெரிந்தது, குப்பாயி துணியால் ஈயை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாளே அது ஆறிவிடும், அடுத்தவருடைய சாவு தொடங்கும். ஒருநாள் என் அம்மாவின் முறை வந்தது. அவருடைய முதுகில் பிரம்பு வீக்கங்கள் எழும்பின, பதினொன்று, அம்மா எண்ணினாள். அந்தக் கட்டைவிரல் மண்ணைக் கிண்டிக் கிண்டி நின்றுபோயிற்று. என் அப்பா எப்படிச் செத்தார் என்று எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

தன் பங்கின் முறை முடிந்ததும் ஒவ்வொருத்தியும் பயந்து வீட்டுக்குள் போய்விடுவாள். முப்பத்தேழு சாவையும் கூட இருந்து பார்த்தவள் அத்தாயி ஒருத்திதான். அவளுக்குத்தான் அவர்மேல் பங்கு இல்லையே, அதனால் அவள் தொட்டால் யாரும் சண்டைக்கு வரவில்லை. கஞ்சி ஊற்றினாள், பீயள்ளினாள், புண் கழுவினாள், ஒவ்வொரு சாவு முடியும்போதும் இது செங்கோடன் இல்லை, இதுவும் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவர் எழுந்து நடக்க ஆரம்பித்த வாரத்தில் டவுனிலிருந்து ஒரு காகிதம் வந்தது. சயாமில் இறந்தவர்களில் பெயர் தெரிந்தவர்களின் பட்டியல். ஏழாங்கட்டைத் தோட்டத்துக்கு அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. கிராணி பெரட்டுக் களத்தில் நின்று படித்தார்.

"செங்கோடன். காலரா. ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்து மூண்டு, ஆகஸ்ட் பதினேழு."

லாரி ஏறி நான்கு மாதம் ஆகியிருக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவள் அவனுக்கு நாள் தவறாமல் ஒரு கை சோறு எடுத்துவைத்திருக்கிறாள், கிழங்குதான் சோறு, அதில் ஒரு கை. அவள் அழவில்லை. தேதியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், இன்னொரு தடவை, விரலை மடக்கி மனப்பாடம் செய்தாள். முப்பத்தெட்டுப் பெண்களில் விதவை ஆனவள் அவள் ஒருத்திதான். ஆற்றங்கரையில் வளையலை உடைத்தார்கள், தாலியைக் கழற்றினார்கள், தேதி இருந்ததால் திதி இருந்தது, பெயர் இருந்ததால் பூசாரி பெயர் சொல்லிப் பிண்டம் வைத்தார், காகம் வந்து எடுத்தது. மற்ற முப்பத்தேழு பெண்களும் கரையில் நின்று பார்த்தார்கள். நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன், அது பரிதாபம் இல்லை, பொறாமை.

அன்று சாயங்காலம் பெரியக்கா, மூன்று வருஷமாகத் தாண்டாத அந்த வாசலைத் தாண்டி, அத்தாயி வீட்டுக்குள் போய் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"நீ பேரு சொன்னதால சாகல, அத்தாயி" என்றாள். "சொல்லாத எங்க ஆளும் செத்துத்தான் போயிட்டாரு. நாந்தான் காத மட்டும் புடிச்சு வச்சுக்கிட்டு அவரப் போகவிடாம நிக்கறேன். உங்க ஆளுக்குத் தண்ணி கெடச்சிருச்சு. எங்க ஆளு இன்னும் தாகத்தோட வாசல் வாசலா நிக்கறாரு."

அத்தாயி காலிச் செம்பை வாங்கிக்கொண்டாள். பெரியக்கா அவள் கையை விடவில்லை.

"எப்படிப் புள்ள சொன்ன? வாயத் தொறந்து எப்படிச் சொன்ன?"

"அவரு மேல ஆசையா இருந்துச்சுக்கா. அதனால சொன்னேன்" என்றாள் அத்தாயி.

அடுத்த சனிக்கிழமை கிணற்றடியில் பெரியக்கா அந்தக் கிழிந்த காதுக்கு எண்ணெய் வைத்தாள், குனிந்து அதற்குள்ளேயே, "மாரிமுத்து" என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இத்தேகிமாஸ்" என்றார். பெரியக்கா, "இத்தெராஷாய்" என்றாள். காதில் கிழிசல் இல்லை. யாருடையதும் இல்லாத வெறும் காதாக அது இருந்தது. அவள் எழுந்து போய்த் தாலியைக் கழற்றிக் கிணற்றடிக் கல்லில் வைத்தாள்.

அதன்பிறகு ஒவ்வொருத்தியாக. சிலர் மறுநாளே வந்தார்கள், சிலருக்கு மாதக்கணக்கானது. குப்பாயி, எதற்கும் அஞ்சாத குப்பாயி, ஏழு சனிக்கிழமை வந்து ஏழு சனிக்கிழமையும் வாய் வராமல் திரும்பிப் போனாள், எட்டாவது வாரம் காலைக் கட்டிக்கொண்டு "காளியப்பா, காளியப்பா" என்று கதறினாள். என் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அந்தக் கட்டைவிரலை என் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், பிறகு "கருப்பண்ணன்" என்றாள். அம்மா வாயால் அந்தப் பெயரை நான் கேட்டது அன்று மட்டும்தான். என் கைக்குள்ளேயே விரல் வேறாகிவிட்டது, நகம் ஒட்டிக்கொண்டது, நான் கையை உதறிவிட்டேன். நாலு நாள் அழுதேன்.

மாசி மாதத்தில் முப்பத்தேழு பெயரும் முடிந்தன. தோட்டம் முழுக்க வெறுங்கழுத்தாக இருந்தது. அவர் முகத்தில் அடையாளம் சொல்ல ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டுத் திரும்பினால் மறந்துபோகிற முகம். பகலெல்லாம் மரம் சீவினார், நூற்றுப் பன்னிரண்டு என்று கூப்பிட்டால் கையைத் தூக்கினார். சாயங்காலம் பழக்கத்தில் கிளம்பி வாசல் வாசலாக நடந்தார், ஆனால் எங்கேயும் நிற்கவில்லை, யாரும் வெளியே வரவும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு காலடிச் சத்தம் தாண்டிப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள் முப்பத்தேழாம் வாசலோடு அவர் திரும்பவில்லை. அத்தாயி குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள், தேத்தண்ணீரோடு நிற்பதை எல்லாம் அவள் விட்டு நாளாகியிருந்தது. வாசலில் நிழல் விழுந்தது.

"ததாய்மா."

அவள் திரும்பினாள். அத்தனை நாளும் அவர் வாயில் கேட்டிராத குரல், ஒன்பது மாதம் கூடவே வாழ்ந்த குரல், புகையில் கம்மிய குரல். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். முகத்தைத் தேடினாள், புருவத்தில் வெட்டு இல்லை, கையில் தழும்பு இல்லை, ஒன்றுமே இல்லை.

"ஒக்காயேரி" என்றாள்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி நின்றுகொண்டு, முப்பத்தேழு பேருக்கும் அடியில் கிடந்த அந்த ஒரே வார்த்தையைச் சொன்னார்.

"சுக்கி."

பெயர் சொன்னால் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும், அதனால் பெயர் சொல்லவில்லை. அனாத்தா என்று கூப்பிட்டு, மூலையில் பாய் போட்டு, சாகும்வரை அந்தக் குரலை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதையும் அவள் நினைத்தாளாம், என் அம்மாவிடம் மறைக்கவில்லை. ஆனால் அவர் பார்த்தது லாரியிலிருந்து பார்த்த அதே பார்வை. பதிலுக்கு நிற்கிற ஆளைப் பிடித்துவைக்க அவளால் முடியவில்லை.

"எனக்கும்தாங்க" என்றாள். "எனக்கும் உங்க மேல கொள்ளை ஆசை. அன்னைக்குக் கூச்சத்துல ஓடிட்டேன்."

சொல்லி முடித்தபோது வாசலில் வெயில்தான் இருந்தது. படியில் மூங்கில் சில்லு கிடந்தது. அதை எடுத்து, செங்கோடனுக்கு வைத்த தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் கிராணி புத்தகத்தைப் பிரித்து வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நூற்றுப் பன்னிரண்டு என்றார். யாரும் கையைத் தூக்கவில்லை. கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்துவிட்டு, நம்பரை விட்டுப் பெயரைக் கூப்பிட்டார்.

"அனாத்தா!"

களத்தில் வெறுங்கழுத்தோடு நின்ற அத்தனை பெண்களும் மண்ணைப் பார்த்தார்கள். அத்தாயி மட்டும் வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"அவரு வீட்டுக்கு வந்து சேந்துட்டாருங்க, கிராணியாரே" என்றாள். "பேர அடிச்சிருங்க."